சத்தமாகப் பேசச் சொல்லிக்கொடுத்தவள்

ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பயம் தெளிய வைப்பது மோகனாவின் உத்தியோகம். அவளைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை ஓசூரில் வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

முழுப்பெயர் மோகனப்ரியா. சிப்காட் பக்கம் இருக்கும் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு நாடகமும் பேச்சுப் பயிற்சியும் எடுக்கிறாள். நான் அஸ்மத், அதே பிள்ளைகளுக்கு அறிவியல் டீச்சர். ஸ்டாஃப் ரூமில் எனக்கும் அவளுக்கும் ஒரே மேஜை. அதனால் அவளுடைய பயமெல்லாம் சுடச்சுட முதலில் என்னிடம்தான் வரும்.

காலையில் பஸ் ஏறியதும் புருஷனுக்குப் போன் போட்டு கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்வாள். ஜூஜுவாடியில் ஹைவேயைத் தாண்ட வேண்டுமென்றால், முன்பின் தெரியாத யாராவது வரும்வரை நின்று, அவர் முதுகுக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு தாண்டுவாள். கரெஸ்பாண்டென்ட் அறையிலிருந்து கூப்பிட்டு ஆள் வந்தால் போதும், முகம் வெளிறிவிடும். "என்னைய எதுக்குக் கூப்புடுறாக? நான் என்ன செஞ்சேன் அஸ்மத்?" என்பாள். அருப்புக்கோட்டைக்காரி. கல்யாணமாகி இங்கே வந்து இத்தனை வருஷமாகியும் அந்தப் பேச்சு போகவில்லை. பிள்ளைகள் அவளைப் போலவே "வந்தாக, போனாக" என்று பேசிக்காட்டுவார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். பிள்ளைகளிடம் மட்டும்தான் அவளுக்குப் பயம் கிடையாது.

இந்த வேலை அவள் கேட்டு வாங்கியது இல்லை. இங்கிலீஷ் டீச்சராகத்தான் சேர்ந்தாள். கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில் இருக்கிற பள்ளிக்கூடங்களில் நாடகம், கம்யூனிகேஷன் என்று தனியாகப் பீரியட் வைத்திருக்கிறார்கள், நீங்கள் ஏன் வைக்கவில்லை என்று பெற்றோர் கேட்க ஆரம்பித்தார்கள். எங்கள் கரெஸ்பாண்டென்ட் பரமசிவம் சார் பிள்ளைகள் அந்தப் பக்கம் போய்விடுவார்களே என்று பதறி, ஒரு பீரியட்டை ஒதுக்கிவிட்டு, அதை எடுக்க ஆள் தேடினார். மற்ற டீச்சர்கள் நாங்கள் எல்லோரும் முடியாது என்றோம். முடியாது என்று சொல்லப் பயந்தவள் மோகனா ஒருத்திதான்.

ஆரம்பத்தில் ஒரு பிள்ளையும் வாயைத் திறக்கவில்லை. இங்கே பிள்ளைகளின் பாடு அப்படி. வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ், பீரியடில் இங்கிலீஷ். எந்த மொழியில் வாயைத் திறந்தாலும் யாராவது ஒருத்தர் சிரிப்பார்கள் என்றால், மூடிக்கொண்டு இருப்பதுதானே புத்திசாலித்தனம்? மோகனா புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு, "வீட்டுல பாத்ததைச் செஞ்சு காட்டுங்க, எந்தப் பாஷையா இருந்தாலும் சரி" என்றாள். அதற்கு அப்புறம்தான் வகுப்பு உயிர் பெற்றது. பாதி பின்னின சடையோடு கம்பெனி பஸ்ஸைத் துரத்துகிற அம்மா வந்தாள். பேரிகைச் சந்தையில் மூன்று மொழியில் மாற்றி மாற்றிக் கூவுகிற தக்காளிக்காரர் வந்தார். நான் பக்கத்து வகுப்பில் பாடம் நடத்த முடியாமல் போய்க் கத்திவிட்டு வருவேன். கத்திவிட்டு ஜன்னல் ஓரமாக நின்று கொஞ்சம் பார்த்துவிட்டும் வருவேன்.

அவள் வகுப்புக்குச் சட்டம் இரண்டுதான். பார்க்காததை நடிக்காதே. கூட நடிக்கிறவர் தடுமாறினால் நின்று வேடிக்கை பார்க்காதே, உள்ளே போய்க் கைகொடு.

ஏழாம் வகுப்பில் தர்ஷினி என்று ஒரு பெண். அட்டெண்டன்ஸ் எடுத்தால்கூடக் கையைத்தான் தூக்குவாள், குரல் வராது. அவள் அப்பா பூபதி சேலத்துப் பக்கத்திலிருந்து வந்தவர். இங்கே ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆளாகப் பிரஸ் மெஷின் ஓட்டுகிறார். கம்பெனியின் பெயர் வேண்டாம்.

ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை தர்ஷினி தானாக எழுந்து வந்தாள். ஒரு டெஸ்க்கை முன்னால் இழுத்துப் போட்டாள். இரண்டு பக்கமும் இரண்டு டஸ்டர் வைத்தாள். தன் தலை ரிப்பனை அவிழ்த்து ஒரு டஸ்டரை இறுக்கிக் கட்டினாள். அப்புறம் அவள் அப்பாவாகவே மாறிவிட்டாள்.

பிரஸ் மெஷினைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். தகட்டை உள்ளே வைத்தால் மேலிருந்து ஒரு பெரிய இரும்பு இறங்கி அதை அச்சில் அழுத்தும். அந்த நேரத்தில் கை உள்ளே இருந்தால் தகட்டுக்கு ஆகிற கதிதான் கைக்கும். அதனால் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பட்டன் வைத்திருப்பார்கள். இரண்டு கையாலும் இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் இரும்பு இறங்கும். புது மெஷின்களில் இதை ஏமாற்ற முடியாதாம். பழைய மெஷின்களில், ஒரு பட்டனை சைக்கிள் ட்யூப் துண்டால் அழுத்திக் கட்டிவிட்டால் அப்புறம் ஒரு கை போதும். மற்றக் கை தகட்டை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கலாம், பீஸ் மளமளவென்று சேரும். தர்ஷினி காட்டியது அதைத்தான். வீட்டில் அவள் அப்பா பெருமையாகச் செய்து காட்டியிருக்கிறார்.

"ஒரு கை போடும், ஒரு கை அமுக்கும். ரெண்டு கையும் பட்டன்லயே வச்சிக்கினு இருந்தா டார்கெட்ட எவன்டா முடிப்பான்?" என்று அப்பாவின் குரலில் கேட்டாள் தர்ஷினி. ஊமை என்று நாங்கள் நினைத்திருந்த பெண். மோகனா அவளைக் கட்டிக்கொண்டு அழுதே விட்டாள்.

மார்ச் மாதம் வந்தது. மார்ச்சில் எல்லாக் கம்பெனியிலும் பாதுகாப்பு வாரம் நடக்கும். போஸ்டர், உறுதிமொழி, பரிசு, கடைசி நாள் பிள்ளைகளின் நாடகம். அந்த வருஷம் நாடகம் போட எங்கள் பள்ளியைக் கூப்பிட்ட கம்பெனி பூபதி வேலை செய்கிற கம்பெனியேதான். எங்களுக்கு ஸ்மார்ட் போர்டு வாங்கிக் கொடுத்தவர்களும் அவர்கள்தான். பரமசிவம் சார் தலைகால் புரியாமல் ஓடினார். மோகனா நாடகத்தில் தர்ஷினியின் காட்சியைச் சேர்த்தாள். அதில் தப்பு எதுவும் அவளுக்குத் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. ஆபத்தைக் காட்டத்தானே பாதுகாப்பு வாரம்? ஒத்திகையை சார் தன் போனில் எடுத்து, பெருமையாகக் கம்பெனியின் குரூப்பில் போட்டுவிட்டார்.

அதற்கு மறுநாள் சாயங்காலம் பூபதி பள்ளிக்கூட கேட்டில் நின்றார். ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தார். சாம்பல் நிறச் சட்டை, காண்ட்ராக்ட் ஆட்களுக்கு அதுதான்.

"மிஸ், பாப்பா வாயத் தொறந்து பேசறதே உங்களாலதாங்க. அத நான் மறக்க மாட்டேன். ஆனா இத மட்டும் வேணாங்க" என்றார். "பர்மனென்ட் பண்றவங்க லிஸ்ட்ல என் பேரு இருக்குது. பட்டன கட்டறது நான்தான்னு தெரிஞ்சா அன்னிக்கே கேட்டுக்கு வெளிய தள்ளிடுவாங்கோ. ரெண்டு பசங்கள வச்சிக்கினு நான் எங்க போவேன்?"

மோகனா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவர் போன பிறகு, "நான் ஒரு குடும்பத்தையே கெடுத்துட்டேன் அஸ்மத்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். எனக்கு எரிச்சலாக வந்தது. மெஷினில் பட்டனைக் கட்டுகிறவர் நிம்மதியாக டீ குடிப்பார், இவள் ஏன் சாப்பிடாமல் கிடக்க வேண்டும்?

காட்சியை எடுத்துவிடலாம் என்று சாரிடம் போனோம். சார் போனை எங்கள் பக்கம் திருப்பினார். கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி விஜயகுமார் குரல் செய்தி அனுப்பியிருந்தார். "அந்தப் பட்டன் சீன் செம ரியலா இருக்கு சார். அது கண்டிப்பா வேணும். அந்தப் பொண்ணு யாரு? நேர்ல பாக்கணும்."

வெளியே வந்ததும் மோகனா விரல்களை மடக்கினாள். காட்சியை எடுத்தால் ஏன் எடுத்தீர்கள் என்று கேட்பார்கள். வைத்தால் யார் பெண் என்று கேட்பார்கள். இரண்டிலும் பூபதியின் கழுத்துதான் மாட்டும்.

கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். அந்த வேஷத்தை அர்பாஸுக்குக் கொடுத்தாள். அர்பாஸின் அத்தா பஸ் ஸ்டாண்டில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருக்கிறார், கம்பெனிக்கும் அந்தக் குடும்பத்துக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. தர்ஷினியைக் கும்பலாகப் பாடுகிற பிள்ளைகளோடு பின்னால் நிறுத்தினாள். முகம் தெரியாதபடி கண்வரை இறங்குகிற பெரிய ஹெல்மெட்டும் மாட்டிவிட்டாள். ஏன் மிஸ் என்று அந்தப் பெண் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மோகனா என்ன சொல்லியிருப்பாளோ, அல்லாவுக்குத்தான் தெரியும்.

கம்பெனி கேன்டீனில் மேடை போட்டிருந்தார்கள். முன் வரிசையில் அதிகாரிகள். அவர்களுக்குப் பின்னால் நிரந்தர ஆட்கள், நீலச் சட்டையில் குடும்பத்தோடு. கடைசியில் சுவரோரம் சாம்பல் சட்டைக்காரர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். பூபதி தூணுக்குப் பக்கத்தில் நின்றார். நானும் மோகனாவும் மேடை ஓரத் திரைக்குப் பின்னால் இருந்தோம். அவள் என் மணிக்கட்டைப் பிடித்திருந்த பிடியில் என் வளையல் நெளிந்துவிட்டது.

எல்லாம் நன்றாகத்தான் போனது. அர்பாஸ் மெஷின் முன்னால் வந்தான், ட்யூப் துண்டை எடுத்தான். எந்தப் பட்டனைக் கட்ட வேண்டும், எந்தக் கையால் தகட்டை வைக்க வேண்டும் என்பது அவனுக்கு மறந்துபோனது. பாவம், அவன் ஜென்மத்தில் பிரஸ் மெஷினைப் பார்த்ததில்லை. ட்யூபைக் கையில் பிடித்தபடி கூட்டத்தைப் பார்த்து விழித்துக்கொண்டு நின்றான். முன் வரிசையில் யாரோ இருமினார்கள்.

பின்னாலிருந்து தர்ஷினி வந்தாள்.

"வேண்டாம், வேண்டாம்டி" என்று மோகனா கிசுகிசுப்பாகச் சொன்னாள். தர்ஷினிக்கு அது எப்படிக் கேட்கும்? அவள் அர்பாஸின் தோளில் ஒரு தட்டுத் தட்டி, "என்னாடா தம்பி, புதுசா? தள்ளு, அண்ணன் காட்டறேன்" என்றாள். ட்யூபை வாங்கிப் பல்லால் ஒரு முனையைக் கடித்து இழுத்துக் கட்டினாள். இடுப்பை ஒரு பக்கம் சாய்த்து நின்று, ஒரு கையால் போட்டு, ஒரு கையால் அமுக்கி, போட்டு, அமுக்கி, நடுவில் மூக்கை முழங்கையால் துடைத்துக்கொண்டாள். அச்சு அசல் பூபதி.

கடைசி வரிசையில் குபீரென்று சிரிப்பு கிளம்பியது. சாம்பல் சட்டைக்காரர்களுக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. தங்களையும் தெரிந்துவிட்டது. சிரிப்பு வந்த திசையை நோக்கி முன் வரிசை அதிகாரிகள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். சிரிப்பு அப்படியே அறுந்து நின்றது. பூபதி குனிந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தார். எத்தனை நேரம் கட்டினாரோ, நிமிரவே இல்லை.

நாடகம் முடிந்ததும் விஜயகுமார் மைக்கோடு மேடையேறினார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார், சிரித்த முகம். தர்ஷினி முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"சூப்பரா பண்ணேம்மா. இவ்ளோ கரெக்டா யார் சொல்லிக் குடுத்தாங்க? அப்பா எங்க வேலை பாக்கறாரு?"

மைக்கை அவள் வாயருகே நீட்டினார். கேன்டீனில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. தர்ஷினியின் வாய் திறந்தது, குரல் வரவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது என்பதை அவள் முகத்தில் பார்த்தேன். தன் வாயில் அப்பாவின் வேலை மாட்டிக்கொண்டிருப்பது ஒரு குழந்தைக்குப் புரியக் கூடாது.

என் மணிக்கட்டு லேசானது. திரும்பிப் பார்த்தால் மோகனா பக்கத்தில் இல்லை. மேடை நடுவில் நின்று மைக்கை வாங்கிக்கொண்டிருந்தாள்.

"நான்தான் சார் சொல்லிக்கொடுத்தேன்" என்றாள். "யூடியூப்ல ஒரு வெளிநாட்டு வீடியோ. அதைப் போட்டுப் போட்டுக் காட்டி, ஒவ்வொரு அசைவா பழக்கினேன். பிள்ளைகளுக்கு அது என்ன மெஷின்னுகூடத் தெரியாது. நடிப்புப் பயிற்சினா அப்படித்தான் சார்."

குரலில் ஒரு பிசிறு இல்லை. ஹைவேயைத் தாண்டப் பயப்படுகிறவள், அத்தனை பேருக்கு முன்னால் கண்ணுக்குக் கண் பார்த்துப் பொய் சொன்னாள். விஜயகுமாரின் முகம் மலர்ந்தது. "நம்ம பிளான்ட்ல இப்படி நடக்க சான்ஸே இல்ல. இருந்தாலும் நல்ல அவேர்னஸ்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள், கடைசி வரிசைதான் பலமாகத் தட்டியது. மோகனாவுக்குச் சால்வை போர்த்தினார்கள். விஜயகுமார் நம்பினாரா, நம்பியதாக வைத்துக்கொண்டாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தப் பொய் அங்கே இருந்த எல்லோருக்கும் வசதியாக இருந்தது என்று மட்டும் தெரியும்.

வேனில் ஏறும் இடத்துக்குப் பூபதி ஓடி வந்தார். "வயித்துல பால வாத்தீங்க மிஸ்" என்று கைகூப்பினார்.

மோகனா அந்தக் கூப்பிய கைகளைப் பார்த்துக்கொண்டே, "அண்ணே, இனிமே அதைக் கட்டாதீக. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றாள்.

"ஒண்ணும் ஆவாதுங்க மிஸ். கை பழகிப்போச்சு" என்று சிரித்தார். "எல்லாரும் கட்டறாங்கோ. நான் ஒருத்தன் அவுத்தா என் பீஸ் மட்டும் கம்மியா நிக்கும். சூப்பர்வைசரும் பாத்தும் பாக்காத மாதிரி போயிடுவாரு."

வேன் கிளம்பியது. பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள். மோகனா சால்வையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு, "அஸ்மத், நான் நெசத்தைச் சொல்லிருந்தா அந்த மெஷினைச் சரி பண்ணிருப்பாகள்ல?" என்று கேட்டாள்.

"பண்ணியிருப்பாங்க. அவர வெளிய அனுப்பிட்டு."

"வேலை போனா வேற வேலை தேடிக்கலாம். கை போனா?"

பதில் தெரியாவிட்டால் எனக்குக் கோபம் வரும். "சும்மா கெடம்மா, நல்லது செஞ்சிட்டு ஏன் பொலம்பற?" என்று சீறினேன். ஆனால் அன்றைக்கு அவளுக்குள் போய் உட்கார்ந்த பயம் மற்றப் பயங்களைப் போல இல்லை. கேஸ் மூடியிருக்கிறதா என்று கேட்பதையே விட்டுவிட்டாள். காலையில் மற்ற எல்லோருக்கும் முன்னால் வந்து கேட்டில் நிற்பாள். தர்ஷினி சிரித்துக்கொண்டு வந்தால் இவளுக்கு மூச்சு வரும். அந்தப் பெண் சிரிக்காமல் வந்தால், "அப்பா நல்லாருக்காகளா?" என்று ஓடுவாள். கம்பெனிகள் பக்கமிருந்து ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் வகுப்பில் பேச்சு பாதியில் நின்றுவிடும்.

ஏப்ரலில் பூபதிக்கு நீலச் சட்டை கிடைத்தது. தர்ஷினி எல்லோருக்கும் பால்கோவா கொண்டுவந்தாள். மோகனா வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் அதை நான்தான் சாப்பிட்டேன்.

போன ஜூலையில் ஒரு நாள் தர்ஷினி வரவில்லை. அவள் இப்போது எட்டாம் வகுப்பு, நான்தான் வகுப்பு டீச்சர். பிள்ளை வராவிட்டால் வீட்டுக்குப் போன் செய்வது என் வேலை. முதல் பீரியட் முடிந்ததும் மோகனா ஸ்டாஃப் ரூமில் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"போன் பண்ணு அஸ்மத். என்னால முடியல. ஏதாச்சும் சொல்லிருவாகளோன்னு பயமா இருக்கு."

"காய்ச்சலா இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் பூபதியின் நம்பரைப் போட்டேன். அவளும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தேன். நீண்ட நேரம் மணி அடித்தது. பிறகு எடுத்தார்.

"சொல்லுங்க மிஸ்" என்றார் சத்தமாக. "பாப்பாவுக்குக் காய்ச்சலுங்க. நாளைக்கு வந்துடுவா."

மோகனா அப்படியே நாற்காலியில் சரிந்தாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. நான் அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "சரிங்க, உடம்ப பாத்துக்கச் சொல்லுங்க. மாத்திரை குடுத்தீங்களா?" என்று கேட்டேன்.

பதிலுக்கு டம் என்று ஒரு சத்தம் கேட்டது. கொஞ்சம் விட்டு இன்னொரு டம்.

"மாத்திரை குடுத்தாச்சுங்க" என்றார். அவர் பேசுகிறபோது அந்தச் சத்தம் நின்றது. பேச்சை நிறுத்தியதும் திரும்ப டம்.

"பக்கத்து மெஷினா இருக்கும்" என்று மோகனாவிடம் மெல்லச் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள், இல்லை என்று.

"சீக்கிரம் சொல்லுங்க மிஸ். ஒரு கையில போனு இருக்குது, இன்னொரு கையிலதான் மெஷின ஓட்டறேன்" என்றார் பூபதி. டம்.

மோகனா என் கையிலிருந்து போனை வாங்கினாள். இப்போது கத்தப்போகிறாள் என்று நினைத்தேன். இந்தக் கட்டிடமே அதிரும்படி கத்தட்டும் என்றுதான் நானும் ஆசைப்பட்டேன். ஆனால் அவள் கத்தவில்லை. கத்தினால் அவர் திடுக்கிட்டுவிடுவார், அந்த நேரம் கை எங்கே இருக்குமோ.

"அண்ணே" என்றாள், தூங்குகிற குழந்தைக்குப் பக்கத்தில் பேசுவதுபோல. "மொதல்ல கையை வெளிய எடுங்க. மெதுவா எடுங்க. அவசரமே இல்ல."

"என்னா மிஸ்? ஒண்ணும் கேக்கல" என்றார் பூபதி. "சத்தமாப் பேசுங்க!"

திரும்ப டம் என்று கேட்டது.